ஹெட்ஃபோன் ஆம்ப், டாக், ப்ரீஆம்ப் ஒரே பெட்டியில்: ஒலி கெட்டால் எங்கே தேடுவது

இந்தச் சிறு பெட்டிக்குள் மூன்று கருவிகள் வரிசையாக இருக்கின்றன. யூ.எஸ்.பி., ஆப்டிகல், கோயாக்ஸியல் வழியாக வரும் எண்களை டாக் அனலாக் சிக்னலாக்குகிறது. வால்யூம் குமிழ் அந்தச் சிக்னலின் அளவை வைக்கிறது. அதன்பின் பாதை பிரிகிறது: ஒரு கிளை ஹெட்ஃபோன் ஆம்ப் வழியாக முன்பக்க ஜாக்குக்கு, இன்னொரு கிளை ஸ்பீக்கருக்கான ப்ரீஆம்ப் வெளியீடாகப் பின்பக்க ஆர்.சி.ஏ. துளைகளுக்கு. எந்தக் கோளாறும் இந்தப் பாதையில் ஓரிடத்தில்தான் இருக்கும். பெரும்பாலும் அந்த இடம் பெட்டிக்கு வெளியே, கேபிளிலோ அடாப்டரிலோ கணினியின் அமைப்பிலோ இருக்கும். ஸ்க்ரூடிரைவரைக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் குமிழைத் திருப்புங்கள்

இரைச்சலோ ரீங்காரமோ கேட்டால் பாட்டை நிறுத்திவிட்டுக் குமிழை மெல்லத் திருப்புங்கள். குமிழோடு சேர்ந்து இரைச்சலும் ஏறி இறங்கினால் அது குமிழுக்கு முன்னாலிருந்து வருகிறது: கணினி, யூ.எஸ்.பி. கேபிள், டாக். குமிழைப் பூஜ்யத்தில் வைத்தும் மாறாமல் நின்றால் அது குமிழுக்குப் பின்னால் பிறக்கிறது: ஆம்ப் பகுதி, மின்சாரம், வெளியீட்டுக் கேபிள்கள். அரை நிமிடச் சோதனைதான். தேட வேண்டிய இடம் பாதியாகிவிடும். குமிழ் டாக் சிப்புக்குள் எண்களையே குறைக்கும் வகையாக இருந்தால், அந்தச் சிப்பின் சொந்த இரைச்சலும் மாறாத பக்கத்தில் சேரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மூன்று பழக்கங்கள் இருந்தால் மீதியெல்லாம் எளிது. எந்த இணைப்பைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். சோதனைக்கு விலை குறைந்த ஹெட்ஃபோனைப் பயன்படுத்துங்கள். காதில் மாட்டாமல் கையில் பிடித்தே முதலில் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் போர்ட்டையும் சேர்த்து மாற்றினால் கோளாறு போய்விடலாம். ஆனால் எதனால் போனது என்று தெரியாது, மறுவாரம் அது திரும்பி வரும்.

விளக்கு எரியவில்லை, அல்லது எரிந்து எரிந்து அணைகிறது

அடாப்டரின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். வோல்ட் எண்ணுக்குப் பக்கத்தில் நேர்கோடும் அதன் கீழே புள்ளிக்கோடும் இருந்தால் டி.சி.; அலை போன்ற குறி இருந்தால் ஏ.சி. ஏ.சி. வெளியீடு தரும் அடாப்டரை மல்டிமீட்டரின் டி.சி. வரம்பில் அளந்தால் ஏறக்குறைய பூஜ்யம்தான் காட்டும். நல்ல அடாப்டரைச் செத்துப்போனதாக நினைத்துத் தூக்கி எறிவது இப்படித்தான் நடக்கிறது.

அதற்குப் பதிலாக அதே வோல்ட் உள்ள டி.சி. அடாப்டரைச் செருகுவது அதைவிடப் பெரிய தவறு. ஏ.சி. அடாப்டரோடு வரும் சிறிய ஆம்ப்கள் அந்த ஒரே ஏ.சி.யின் இரு பாதிகளிலிருந்தும் பிளஸ், மைனஸ் என இரண்டு மின்வழிகளை எடுத்துக்கொள்கின்றன. டி.சி. கொடுத்தால் ஒரு வழி மட்டும் உயிர் பெறும். பாதுகாப்புச் சுற்று இல்லாத பெட்டியில் அந்த டி.சி. நேரே ஹெட்ஃபோனுக்குப் போகலாம்.

டி.சி. அடாப்டர் என்றால் வோல்ட், நடு முள்ளின் துருவம் இரண்டும் அப்படியே பொருந்த வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. விட்டுவிட்டு எரிந்தால் பிளக்கின் அளவைப் பாருங்கள். வெளிவிட்டம் 5.5 மி.மீ. உள்ள பிளக்குகளில் உள்துளை 2.1, 2.5 என இரண்டு வகை உண்டு. 2.5 துளை உள்ள பிளக் 2.1 முள்ளின் மேல் சிக்கலில்லாமல் ஏறிவிடும். ஆனால் தொளதொளவென்று நின்று, மேசை அசைந்தாலே தொடர்பு விடும்.

யூ.எஸ்.பி. மின்சாரத்திலேயே ஓடும் பெட்டி என்றால், யூ.எஸ்.பி. 2.0 போர்ட் தரும் உச்சம் 500 மில்லிஆம்பியர், 3.0 போர்ட்டில் 900. மெதுவாகக் கேட்கும்போது நன்றாக இருந்து, சத்தத்தைக் கூட்டி ஒரு மத்தள அடி விழும் நொடியில் அணைந்து மீண்டும் எழுந்தால் மின்சாரம் போதவில்லை என்று அர்த்தம். கணினியின் பின்பக்கப் போர்ட்டில் நேராகச் செருகுங்கள், அல்லது சொந்த அடாப்டர் உள்ள ஹப் வழியாகக் கொடுங்கள்.

கணினிக்கோ ஃபோனுக்கோ பெட்டி தெரியவில்லை

முதல் சந்தேகம் கேபிள் மேல். சார்ஜ் செய்ய மட்டும் செய்யப்பட்ட கேபிளில் டேட்டா கம்பிகளே இருக்காது. விளக்கு எரியும், கணினிக்கு ஒன்றும் தெரியாது. அடுத்தது டைப்-சி சிக்கல். சில பெட்டிகளின் சாக்கெட்டில் இருக்க வேண்டிய 5.1 கிலோஓம் ரெசிஸ்டர்களைத் தயாரிப்பாளர் வைக்காமல் விட்டிருப்பார். இருபக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் அப்படிப்பட்ட பெட்டிக்கு மின்சாரமே வராது. ஒருபக்கம் பழைய டைப்-ஏ உள்ள கேபிளைப் போட்டதும் வேலை செய்தால் காரணம் இதுதான். அந்தக் கேபிளிலேயே தொடருங்கள், குறையொன்றுமில்லை.

விண்டோஸில் யூ.எஸ்.பி. ஆடியோவின் (யூ.எஸ்.பி.யில் ஒலி அனுப்பும் பொது விதிமுறை) இரண்டாம் வகைக்கான டிரைவர் 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்துதான் உள்ளேயே இருக்கிறது. அதற்கு முந்தையது என்றால் தயாரிப்பாளரின் டிரைவரை முதலில் நிறுவிவிட்டுப் பிறகுதான் பெட்டியைச் செருக வேண்டும். முதல் வகை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸோடு (வினாடிக்கு 96,000 மாதிரிகள்) நின்றுவிடும். பதிலுக்கு அது எங்கும் ஓடும். உங்கள் பெட்டியில் இரண்டுக்கும் இடையே மாற்றும் சுவிட்சோ மெனுவோ இருந்தால், பழைய கணினி, டி.வி., கேம் கருவி ஆகியவற்றுக்கு முதல் வகையில் வைத்துப் பாருங்கள்.

ஃபோனோடு கருவியை இணைக்கும் ஓ.டி.ஜி. கேபிள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது முக்கியம். அதில் ஃபோன் பக்கம், கருவிப் பக்கம் என்று உண்டு. மின்சாரம் அதிகம் எடுக்கிறது என்று ஃபோன் மறுத்தால் சொந்த மின்சாரம் உள்ள ஹப் தேவை.

பெட்டி தெரிகிறது, ஒலி இல்லை

பெட்டியில் எந்த உள்ளீடு தேர்வாகியிருக்கிறது, எந்த வெளியீடு தேர்வாகியிருக்கிறது, கணினியில் எந்தக் கருவி டிஃபால்ட், கேட்கும் செயலிக்குள் எந்தக் கருவி என்ற நான்கையும் இதே வரிசையில் பாருங்கள். நான்காவதுதான் அடிக்கடி விட்டுப்போகும். எக்ஸ்குளூசிவ் மோடில் (ஒரு செயலி மட்டுமே கருவியைப் பிடித்துக்கொள்ளும் முறை) ஒரு பிளேயர் திறந்திருந்தால் மற்ற எந்தச் செயலியின் ஒலியும் வராது. அந்தப் பிளேயரை முழுக்க மூடுங்கள்.

டி.வி.யிலிருந்து ஆப்டிகலில் ஒலி இல்லையென்றால், அல்லது காதைக் கிழிக்கும் இரைச்சல் வந்தால், டி.வி.யின் டிஜிட்டல் ஒலி அமைப்பு டால்பி அல்லது ஆட்டோவில் இருக்கும். இரண்டு சேனல் டாக் டால்பியைப் பிரித்துப் படிக்காது. அமைப்பை பி.சி.எம். (சுருக்கப்படாத சாதாரண டிஜிட்டல் ஒலி) ஆக்குங்கள். கேபிளின் ஒரு முனையை டி.வி.யில் செருகி மறுமுனையைப் பாருங்கள்: சிவப்பு வெளிச்சம் தெரிய வேண்டும். தெரிந்தும் ஒலி இல்லையென்றால் முனையில் நிறமற்ற பிளாஸ்டிக் மூடி கழற்றப்படாமல் இருக்கலாம். ஆப்டிகல் 96 கிலோஹெர்ட்ஸ் வரை தடையின்றி ஓடும். 192-இல் டாக் சிக்னலைப் பிடித்துக்கொள்ளாமல் விட்டுவிட்டுக் கேட்டால் கிலோஹெர்ட்ஸ் எண்ணைக் குறையுங்கள். கோயாக்ஸியலுக்கு 75 ஓம் கேபிள் வேண்டும், சாதாரண ஆர்.சி.ஏ. கேபிளும் ஒரு மீட்டருக்குள் பெரும்பாலும் ஓடிவிடும்.

டி.எஸ்.டி. (ஒலியை ஒற்றை பிட்டில் பதியும் வடிவம்) கோப்பைப் போட்டால் மட்டும் 'ஷ்ஷ்' என்ற வெள்ளை இரைச்சல் வருகிறதா? டி.எஸ்.டி. எண்களை பி.சி.எம். உறைக்குள் வைத்து அனுப்பும் முறையில், வழியில் ஒரு பிட் மாறினாலும் டாக் அதை அடையாளம் காணாது. பிளேயரின் வால்யூமை 100-இல் வையுங்கள், ஈக்வலைசரை அணையுங்கள், எக்ஸ்குளூசிவ் மோடைப் போடுங்கள். டி.எஸ்.டி.64 இந்த வழியில் போக 176.4 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். 96-ஓடு நிற்கும் இணைப்பில் அது நடக்காது.

ரீங்காரம், உறுமல், சுட்டியை அசைத்தால் கீச்சொலி

அதிகம் பேரை அலைக்கழிப்பதும், தேவையில்லாத பொருள்களில் அதிகம் பணம் கரைவதும் இந்த அறிகுறியில்தான். காரணம் தெரிந்தால் பாதிப் பொருள்கள் வேண்டாமல் போகும்.

கணினி மூன்று முள் பிளக்கில் எர்த்தோடு இருக்கிறது. பவர்டு ஸ்பீக்கரும் (உள்ளேயே ஆம்ப் உள்ளது) அப்படியே. கணினியிலிருந்து யூ.எஸ்.பி. கேபிளின் கிரவுண்டு டாக்குக்கு வருகிறது, அங்கிருந்து ஆர்.சி.ஏ. கேபிளின் உறை வழியாக ஸ்பீக்கருக்குப் போகிறது, ஸ்பீக்கரிலிருந்து சுவர் எர்த் வழியாகக் கணினிக்கே திரும்புகிறது. முழு வட்டம். அந்த வட்டத்தில் ஓடும் சிறு மின்னோட்டம் ஆர்.சி.ஏ. உறையின் மேல் வோல்டேஜாகி, ஸ்பீக்கருக்குச் சிக்னல்போல் தெரிகிறது. 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ரீங்காரமும், கிராஃபிக்ஸ் கார்டு வேலை செய்யும்போது எழும் கீச்சொலியும் ஒரே வட்டத்தின் வேலைதான்.

உறுதிசெய்ய:

1. ஹெட்ஃபோனில் மட்டும் கேளுங்கள். ஆர்.சி.ஏ. கேபிள்களைப் பெட்டியிலிருந்து கழற்றுங்கள். ரீங்காரம் நின்றால் வட்டம்தான் காரணம். ஹெட்ஃபோனுக்கு எர்த் கிடையாது; அதன் வழியாக வட்டம் முழுமையாகாது.
2. ஆர்.சி.ஏ.வை மீண்டும் மாட்டி, யூ.எஸ்.பி.யைக் கழற்றி, ஆப்டிகலில் கேளுங்கள். ஆப்டிகலில் மின்கம்பியே இல்லை. வட்டம் அங்கே அறுந்துவிடும்.
3. மடிக்கணினி என்றால் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்.

இரண்டாவதில் அமைதி வந்தால் தீர்வும் அதுவே. கணினியில் ஆப்டிகல் வெளியீடு இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள், 44.1, 48 கிலோஹெர்ட்ஸ் இசைக்கு நீங்கள் எதையும் இழக்கவில்லை. ஆப்டிகல் இல்லையென்றால், முதலில் எல்லாக் கருவிகளையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகுங்கள். வட்டம் சிறியதாகும், பல நேரம் அதுவே போதும். அதன்பின் கிரவுண்டு இணைப்பை அறுக்கும் யூ.எஸ்.பி. ஐசோலேட்டர்; வாங்கும் முன் வேகத்தைப் பாருங்கள். பழைய, மலிவான வகைகள் வினாடிக்கு 12 மெகாபிட்டோடு நிற்கும்; இரண்டாம் வகை யூ.எஸ்.பி. ஆடியோவுக்கு 480 மெகாபிட் தேவை. தவறானதை வாங்கினால் பெட்டி கணினிக்குத் தெரியாமலே போகும். கடைசி வழி ஆர்.சி.ஏ. கேபிளில் வைக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். மட்டமான டிரான்ஸ்ஃபார்மர் பேஸின் அடிப்பகுதியைத் தின்றுவிடும்.

எர்த் முள்ளை உடைப்பது, டேப் ஒட்டி மறைப்பது, மூன்று முள்ளை இரண்டாக்கும் அடாப்டர் போடுவது: இவை ரீங்காரத்தை நிறுத்தும் என்பது உண்மை. உள்ளே ஒரு கம்பி கழன்று உலோகப் பெட்டியைத் தொட்டால் உயிரைக் காப்பதும் அந்த முள்தான் என்பது அதைவிடப் பெரிய உண்மை. ஒருபோதும் செய்யாதீர்கள்.

பெட்டியின் உலோகத்தைத் தொட்டால் ரீங்காரம் குறைகிறது, விரலில் மெல்லக் குறுகுறுக்கிறது என்றால் இது வட்டத்துக்கு நேர்மாறான நிலை. இரண்டு முள் சார்ஜரில் எர்த்தே இல்லாமல் எல்லாம் மிதக்கிறது. எர்த் உள்ள மூன்று முள் சார்ஜருக்கு மாறினால் தீரும்.

ஒலி மாறாத மெல்லிய உறுமல் ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டால், பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பெரிய ஆம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய பெட்டியைக் கையில் தூக்கி 30 செ.மீ. நகர்த்துங்கள். தூக்கும்போதே உறுமல் குறைவது காதில் தெரியும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள்.

'ஸ்ஸ்' என்ற காற்றுச் சத்தம்

காதுக்குள் வைக்கும் இயர்ஃபோனில் மட்டும் கேட்டு, பெரிய ஹெட்ஃபோனில் கேட்கவில்லையென்றால் பெட்டி நலமாகத்தான் இருக்கிறது. இயர்ஃபோன்தான் மிக நுட்பமானது. கெயினை (ஆம்ப் சிக்னலைப் பெருக்கும் அளவு) லோவுக்கு மாற்றுங்கள். லோவிலும் கேட்டால் அந்த இயர்ஃபோனுக்கு இந்த ஆம்ப் பொருத்தமில்லை. ஸ்பீக்கரில் கேட்டால் ஸ்பீக்கரின் பின்பக்க கெயினைப் பாதிக்குக் குறைத்து, ப்ரீஆம்ப் குமிழைக் கூட்டுங்கள். அதே சத்தம், குறைந்த இரைச்சல்.

படபடவென வெடிப்பு, நடுவில் அறுந்துபோதல்

ஹப்பைத் தவிர்த்து நேராகச் செருகுங்கள், யூ.எஸ்.பி. 2.0 கேபிள் 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. தீராவிட்டால் கணினி வேலைப்பளுவில் எண்களை நேரத்துக்கு அனுப்பத் தவறுகிறது. டிரைவரின் கட்டுப்பாட்டுப் பலகையில் பஃபரை (எண்களை முன்கூட்டிச் சேர்த்து வைக்கும் இடம்) ஒரு படி கூட்டுங்கள். இசை கேட்க மட்டும் என்றால் பெரிய பஃபரால் எந்தத் தீங்கும் இல்லை. விண்டோஸில் யூ.எஸ்.பி. போர்ட்டுகளைத் தூங்கவைக்கும் மின்சேமிப்பை அணையுங்கள். வைஃபையை ஐந்து நிமிடம் அணைத்துப் பாருங்கள். அதன் டிரைவர் குறுக்கே நிற்பது அடிக்கடி நடக்கும்.

பாட்டு மாறும்போது மட்டும் ஒரு 'டிக்', முதல் எழுத்து விழுங்கப்படுதல் ஆகியவை கோளாறுகள் அல்ல. 44.1-இலிருந்து 96-க்கு மாறும்போது டாக் தன் கடிகாரத்தை மாற்றிப் பூட்டும் வரை ரிலேயோ (உள்ளிருக்கும் மின் சுவிட்ச்) மியூட்டோ வாயை மூடுகிறது. தொல்லையாக இருந்தால் பாட்டின் முன் ஒரு வினாடி மௌனம் சேர்க்கும் வசதி பல பிளேயர்களில் உண்டு.

ஒரு பக்கம் கேட்கவில்லை, அல்லது சாய்ந்திருக்கிறது

ஹெட்ஃபோனை வேறொரு கருவியில் செருகுங்கள். அங்கேயும் அதே பக்கம் ஊமை என்றால் ஹெட்ஃபோனின் கேபிள், பெரும்பாலும் ஜாக்கின் கழுத்துப் பகுதி. ஸ்பீக்கரில் என்றால் சிவப்பு, வெள்ளை ஆர்.சி.ஏ.க்களைப் பெட்டியின் பக்கம் மட்டும் இடம் மாற்றுங்கள். ஊமைப் பக்கமும் இடம் மாறினால் குற்றம் பெட்டியில் அல்லது அதற்கு முன்னால். மாறாவிட்டால் கேபிளிலோ ஸ்பீக்கரிலோ.

குமிழ் அடியில் இருக்கும்போது மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து, கூட்டினால் நேராகிவிடுகிறதா? ஓர் அச்சில் இரண்டு தடங்கள் சுழலும் பொட்டென்ஷியோமீட்டரில் அடிப்பகுதி எப்போதும் சமமாக இருக்காது. அது பழுதல்ல, அந்தப் பாகத்தின் இயல்பு. குமிழ் ஒன்பது மணி நிலையைத் தாண்டி நிற்கும்படி வையுங்கள்: கெயினைக் குறையுங்கள், போதாவிட்டால் கணினி வால்யூமை 10 முதல் 20 டெசிபெல் குறையுங்கள். ஒரு பிட்டுக்கு 6 டெசிபெல். 24 பிட் பாதையில் மூன்று நான்கு பிட் போனாலும் காதுக்குத் தெரியாது.

பின்னணி இசை இருக்கிறது, பாடுபவர் குரல் மட்டும் குகைக்குள் போய்விட்டது என்றால் ஜாக்கின் கிரவுண்டு தொடவில்லை. இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் கேட்கிறது. நடுவில் நிற்கும் குரல் கழிந்துபோகிறது. மைக் உள்ள நான்கு பட்டை ஜாக்கை மூன்று பட்டைத் துளையில் செருகும்போது இப்படி ஆகும். ஒரு மி.மீ. வெளியே இழுத்தால் குரல் திரும்பி வந்தால் சரியான அடாப்டர் வாங்குங்கள். 6.35 மி.மீ. அடாப்டர் முழுக்க உள்ளே போகாவிட்டாலும் இதே அறிகுறிதான்.

சத்தம் போதவில்லை

ஹெட்ஃபோனின் அட்டையில் உள்ள இரண்டு எண்களை வைத்துக் கணக்குப் போடுங்கள். இசையின் உச்சத்துக்கு 110 டெசிபெல் வேண்டும் என்று வைப்போம். 300 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 97 டெசிபெல் என்றால் 20 மில்லிவாட், அதாவது ஏறக்குறைய 2.45 வோல்ட் வேண்டும். 40 ஓம், 90 டெசிபெல் பிளேனார் (தட்டையான சவ்வு உள்ள ஹெட்ஃபோன்) என்றால் 100 மில்லிவாட்: 2 வோல்ட்தான், ஆனால் 50 மில்லிஆம்பியர். முதலாவதற்கு ஹை கெயின் போதும். இரண்டாவதற்கு மின்னோட்டம் தரும் ஆம்ப் வேண்டும். வெறும் கெயினைக் கூட்டினால் உச்சத்தில் கரகரக்கும். அட்டையில் உள்ள டெசிபெல் மில்லிவாட்டுக்கா வோல்ட்டுக்கா என்று கவனியுங்கள்: 32 ஓமில் மில்லிவாட்டுக்கு 100 என்பது வோல்ட்டுக்கு 115.

எச்சரிக்கை ஒன்று. பேலன்ஸ்டு வெளியீட்டிலிருந்து சாதாரண மூன்று பட்டை ஹெட்ஃபோனுக்கு அடாப்டர் போடாதீர்கள். 4.4 மி.மீ. ஆனாலும் நான்கு முள் எக்ஸ்.எல்.ஆர். ஆனாலும், இடது வலது மைனஸ்கள் அங்கே தனித்தனி ஆம்ப்கள். அடாப்டர் அவற்றை ஒன்றோடொன்று ஷார்ட் செய்யும். நேர்மாறான அடாப்டர், அதாவது பேலன்ஸ்டு ஹெட்ஃபோனைச் சாதாரணத் துளையில் செருகுவது, பாதுகாப்பானது.

குமிழைத் திருப்பினால் கரகரப்பு

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் குமிழை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு முப்பது முறை திருப்புங்கள். தூசியும் ஆக்ஸைடும் என்றால் இதிலேயே பெரும்பாலும் போய்விடும். மறுநாளே திரும்பி வந்தால் குமிழின் வழியாக டி.சி. கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஹெட்ஃபோன் இல்லாமல், இசை இல்லாமல், மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் டி.சி.யில் வைத்து, ஒரு ஜாக்கின் நுனிக்கும் அடிப்பட்டைக்கும் இடையே அளந்தால் இடது. நடுப்பட்டைக்கும் அடிப்பட்டைக்கும் இடையே வலது. பேலன்ஸ்டு என்றால் ஒவ்வொரு பக்கத்தின் பிளஸ்ஸுக்கும் மைனஸ்ஸுக்கும் இடையே. 10 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 50-ஐத் தாண்டினால் நல்ல ஹெட்ஃபோனைச் செருகாதீர்கள். அந்த 50 உடனே எதையும் எரித்துவிடாது. ஆனால் உள்ளே ஒரு பாகம் தளர்ந்துகொண்டிருக்கிறது, நாளை அது அரை வோல்ட்டாகலாம்.

ப்ரீஆம்பாகப் பயன்படுத்தும்போது

ஸ்பீக்கர் முழுச் சத்தத்தில் அலறி, குமிழ் எதையும் செய்யவில்லையென்றால் பின்பக்க வெளியீடு நிலையான லைன் அமைப்பில் இருக்கிறது. அதில் எப்போதும் ஏறக்குறைய 2 வோல்ட் வரும். ப்ரீ அமைப்புக்கு மாற்றுங்கள். முதல் முறை ஸ்பீக்கரை இணைக்கும்போது இதைச் சோதிக்காமல் பாட்டைப் போடாதீர்கள்.

ஹெட்ஃபோனைக் கழற்றியும் ஸ்பீக்கர் பேசவில்லையென்றால், ஜாக்குக்குள் இருக்கும் சிறு சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பத்து முறை செருகி எடுங்கள். ஆன் செய்யும்போது 'தொம்' என்று அடித்தால் வரிசையை மாற்றுங்கள்: முதலில் கணினி, பிறகு பெட்டி, கடைசியில் ஸ்பீக்கர், அணைக்கும்போது தலைகீழ்.

சூடு, ரிலேயின் 'டக் டக்'

கையை ஐந்து வினாடி மேலே வைத்திருக்க முடிந்தால் சூட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். முடியாவிட்டால் சுற்றிலும் 10 செ.மீ. இடம் விடுங்கள். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பாதியாகக் குறையும்.

ஆன் செய்து சில வினாடியில் ஒரே ஒரு 'டக்' இயல்பு. அது திரும்பத் திரும்ப வந்தால் எல்லா ஆடியோ கேபிளையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். நின்றால் ஏதோ ஒரு கேபிளில் ஷார்ட். ஒவ்வொன்றாக மாட்டினால் எதுவென்று தெரிந்துவிடும். நிற்காவிட்டால் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். அதற்கும் நிற்காவிட்டால், அல்லது கருகிய வாடை வந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். சுவர் மின்சாரம் நேராக உள்ளே போகும் பெட்டியைப் பழக்கமில்லாதவர் திறக்கவே கூடாது. கொடுக்கும்போது அடாப்டரையும் சேர்த்துக் கொடுங்கள். எந்த உள்ளீட்டில் வருகிறது, எந்த வெளியீட்டில் வருகிறது, குமிழோடு மாறுகிறதா, ஆன் செய்த எத்தனை நிமிடத்தில் தொடங்குகிறது, அளந்த டி.சி. எவ்வளவு என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் பெட்டியின்மேல் ஒட்டிவிடுங்கள்.